நாக்கில் ஏறாத பேர்

முதல் பாடம் வாசித்து முடிந்து, எல்லாரும் எழுந்து நின்று பாடிவிட்டு உட்கார்ந்தபோது நேசபூரணத்தின் வலது முழங்கால் கெஞ்சியது. எழுந்திரு, உட்கார், எழுந்திரு, முழங்காலில் நில் என்று இந்த ஆராதனைமுறையை எழுதிவைத்தவர் யாரோ, அவருக்கு அறுபத்திரண்டு வயதே ஆகியிருக்காது. பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் உட்கார்த்திவைத்திருந்தார்கள். மேலே மின்விசிறி பேருக்குச் சுற்றியது. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்ததோடு சரி. வலது உள்ளங்கையில் மடித்த துண்டுச் சீட்டு வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாடம் முடிந்ததும் ஞானஸ்நானம். கொழுந்தன் மகன் கிதியோனின் பிள்ளை, நாலு மாதத்து ஆண்பிள்ளை. ஞானத்தாயாக நின்று அதை ஏந்தப்போகிறவள் அவள். பிள்ளைக்குப் பேரிடுங்கள் என்று ஐயர் சொல்வார். இந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. ஞானத்தாய் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் பேர். பெற்றவர்கள்கூடக் குறுக்கே பேச முடியாது. ஐயர் அதைத் திருப்பிச் சொல்லித் தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது, ரிஜிஸ்தரில் ஏறிவிடும். முன்பு ஒருத்தி பதற்றத்தில் தன் தம்பி பேரைச் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை இன்றைக்கும் அந்தப் பேரோடுதான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். அப்படி ஒரு அதிகாரத்தைக் கொண்டுபோய் இவள் கையில் கொடுத்திருந்தார்கள், அதுவும் இந்தப் பேருக்கு.

பேர் ஏனோக்கு. நாம் சொல்லலாம், நமக்கு அவர் மாமனார் இல்லை. நேசபூரணத்துக்கு மாமனார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த நாலு எழுத்தும் அவள் நாக்கில் ஏறியதில்லை. மாமனார் செத்து இருபத்தைந்து வருஷமாகிறது, செத்தால் மட்டும் ஆச்சா. ஊருக்கும் அதே பேர்தான், ஏனோக்குபுரம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எங்கே என்பான். கல்லுவிளைக்கு அடுத்த ஸ்டாப் என்பாள். அந்த ஊருக்குப் பேர் இல்லியா என்பான் சின்னப்பயல் கண்டக்டர்; பக்கத்து சீட்டுக்காரி சொல்லிக்கொடுப்பாள், பஸ்ஸே சிரிக்கும். இறங்கும்போது வேண்டுமென்றே ஏனோக்கு எறங்கு, ஏனோக்கு எறங்கு என்று இவள் காதில் கத்துவான். அந்தக் காலத்தில் இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்க என்ன, வயசு இருந்தது, வீட்டில் மகன் இருந்தான். புதுப்பெண்ணாக வந்த முதல் வாரம் குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தபோது, சொல்லிவைத்த மாதிரி ஆதியாகமத்து வம்சவரலாறு, அதில் அதே பேர். தப்பிக்க வழியில்லை. அவள் கொஞ்சமும் யோசிக்காமல், மாமாவுக்கு அறுபத்தைந்து வயசானபோது மாமா மெத்தூசலாவைப் பெற்றார் என்று வாசித்துவிட்டாள். மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமனார் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல மருமகதான் கெடச்சா, எனக்குத் தெரியாம எனக்கு ஒரு பிள்ளையப் பெத்து வச்சிட்டா என்றார். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால்தான் அந்தப் பேரைச் சொல்ல இன்னும் கூச்சம்.

பாடல் குழுவில் யாரோ இருமினார்கள். நேசபூரணம் கையை மாற்றிச் சீட்டை இடது கைக்குக் கொண்டுபோனாள். இந்த ஊர் மருமகள்களுக்கென்று ஏற்பட்ட வழி இது. சொல்லக்கூடாத பேரானால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம், ஐயர் பார்த்து வாசித்துக்கொள்வார். நேற்று ஓரகத்தி கனகமணி, கிதியோனின் அம்மா, அடுக்களை வாசலில் நின்று சொன்னாள். "அக்கா, நீங்க ஒண்ணும் மலைக்காண்டாம். கிதியோன் எழுதித் தந்துருக்கான். ஐயர் கையில வச்சிட்டு நில்லுங்க, போதும்." கனகமணிக்கும் அதே மாமனார், அதே வாய்ப்பூட்டு. அவளும் தன் பேரனை எய்யா என்றுதான் கூப்பிடப்போகிறாள். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எய்யாதான். அப்பன் பேரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், வைத்துவிட்டுக் கூப்பிடக் கூசுவார்கள். ஆசையாக வாங்கின பட்டுச்சேலையைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுகிறவர்கள் மாதிரி. நேசபூரணத்தின் புருஷன் துரைமணியும் அப்படித்தான். அப்பா பேரைப் பெற்ற மகனுக்கு வைத்தே தீரவேண்டும் என்று நின்றார், வைத்த பிறகு தம்பி, தம்பி என்றார். அதோ ஆண்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், காது மந்தமாகிவிட்டது, வாசிக்கிறவரின் வாயையே பார்த்துக்கொண்டு. இன்றைக்குப் புதுச்சட்டை. பேர் மறுபடியும் வீட்டுக்கு வருகிறது என்று ஒரு மாதமாக அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் ஆரம்பிப்பது.

அவளுக்கு வேறு ஒரு பேர் இருந்தது. ஆசீர். ஒரு வாரமாக அடுக்களையில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்தாள். மிக்ஸி ஓடும்போது சொல்லிப் பார்த்தாள், சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆசீர். வீசிப்போட்டால் போய் விழும் பேர். நல்ல பேர், யாருக்கும் மாமனார் இல்லை. ஐயர் கேட்கும்போது ஆசீர் என்று சொல்லிவிட்டால் அதோடு தீர்ந்தது. கிதியோன் முகம் விழும். துரைமணி காதில் விழாது, ஆனால் யாராவது சொல்லிவிடுவார்கள். கனகமணி ஒரு வருஷம் பேசமாட்டாள். பேசாவிட்டால் போகட்டும், பேசி என்ன கண்டோம். அவளுக்கு எல்லாமே அலுத்திருந்தது. சமாதானம் சொல்வது அலுத்திருந்தது, சமாதானம் கேட்பது அதைவிட அலுத்திருந்தது. பிள்ளை பிழைத்துக் கிடந்தால் போதும். அந்தப் பேர் வேண்டாம் என்று நினைக்கும்போதே, அந்தப் பேர் என்ன செய்தது, பேர் மேல் என்ன குற்றம் என்று இன்னொரு நினைப்பு வந்து அதன் காலைக் கட்டிக்கொண்டது. குற்றம் பேர் மேல் இல்லை. யார் மேல் என்று அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அவளுக்கு மட்டும் தெரியும்.

வேதத்தில் அந்தப் பேர் ஒருவனுக்கு மட்டும் இல்லை, அதுவே ஒரு வம்பு. ஒருவன் காயீனுடைய மகன். தம்பியைக் கொன்றுவிட்டு நிலையில்லாமல் அலைந்த காயீன் ஒரு பட்டணம் கட்டி அதற்கு அந்த மகன் பேரை வைத்தான். இன்னொருவன் கடவுளோடு நடந்துகொண்டே இருந்து, ஒருநாள் ஆளையே காணாமல் போனவன். சாவு இல்லை, கல்லறை இல்லை, கடவுள் எடுத்துக்கொண்டார் என்று முடித்துவிட்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பழைய ஊரில் அண்ணன் தம்பி அடிதடியில் மண்டை உடைந்து, பன்னிரண்டு குடும்பம் கிளம்பிவந்து இந்தச் செம்மண் தேரியில் குடிசை போட்டபோது வெள்ளைக்கார ஐயர் வைத்த பேராம். உங்க ஊரு கொலகாரன் மகன் பேருல்லா என்று கல்லுவிளைக்காரர்கள் இன்றைக்கும் வம்புக்கு இழுப்பார்கள். எங்க ஊரு மத்தவரு பேரு, கடவுளோட நடந்தவரு என்று இவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். மகன் போன பதினாறாம் நாள் அப்போதைய ஐயர் வீட்டுக்கு வந்து அந்த இரண்டாவது ஆளை வைத்துத்தான் பேசினார். பொருத்தமாக இருந்ததாம், எல்லாரும் அழுதார்கள். நேசபூரணம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நடந்தவனைப் பிடிக்கவில்லை. அவனைப் பெற்றவளைப் பற்றி ஒரு வரி உண்டா. வீட்டில் ஒருத்தி சோறு வடித்துவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பாளே, அவளுக்கு யார் போய் சொன்னார்கள். காயீனைத்தான் அவளுக்குப் புரிந்தது. பாவி, செய்யக்கூடாததைச் செய்துவிட்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் தன் மகன் பேரைச் சொல்லட்டும் என்று ஒரு ஊரையே கட்டிவைத்தான். அவள் ஊர் கட்டவேண்டியதில்லை, ஊர் இருந்தது. பஸ் வரும்போதெல்லாம் கண்டக்டர் பேரைக் கூப்பிட்டான். அதனால்தான் பதினெட்டு வருஷமாக அவள் பஸ் ஏறுவதையே குறைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாடம் ஆரம்பித்தது. வாசித்தவள் டீச்சர் மகள், வேகமாக வாசிப்பாள், அவளைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்ல யாருமில்லையா. நேசபூரணத்தின் மடியில் புதுச்சேலை மொடமொடவென்று நின்றது. மகன் ஆறு வயசில் கேட்டான். யம்மா, எம் பேரு என்னன்னு ஒனக்குத் தெரியுமா. தெரியும்ல. அப்பச் சொல்லு. ஒந் தாத்தா பேர நான் சொல்லலாமா, நாக்கு அழுகிரும். ஒரே ஒரு தடவ சொல்லும்மா, ரெண்டு கொடம் தண்ணி எடுத்துத் தாரேன். அவள் சிரித்துக்கொண்டு அவன் தலையில் தட்டினாள். போலே எய்யா, தண்ணிய நானே எடுத்துக்கிடுதேன். பெரியவனாகி மீசை அரும்பிய பிறகும் அதை அவன் விடவில்லை. கல்லூரிக்குப் போகும்போது வாசலில் நின்று, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டுவான். அந்த விரல். நகத்தில் எப்போதும் மை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும். வானம் இடிந்து விழுந்திருக்குமா. மாமனார்கூடச் சிரித்திருப்பார். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை, அதை நினைத்தால்தான் அவளுக்கு நெஞ்சு வலித்தது. சட்டம் போட்டு அடக்கிவைத்திருந்தால் அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஈஸ்டருக்கு மறுநாள் ஊரோடு லாரி பிடித்துக் கடற்கரைக்குப் போவது வழக்கம். இப்போது அந்த வழக்கம் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்றைக்கு நல்ல வெயில். பொம்பளைகள் தாழை ஓரமாகச் சோற்றுச் சட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இளவட்டங்கள் தண்ணீரில் கிடந்தார்கள். கரைக்கும் தண்ணீருக்குமாகச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. எய்யா, சாப்பிட வா. எய்யா, வெயில்ல கெடக்காத. எய்யா, சட்டைய எங்க போட்ட. அவனும் கிதியோனும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தள்ளி, இடுப்பளவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள்தான் முதலில் பார்த்தாள். அலைக்கு நடுவே ஒரு இடம் மட்டும் செம்மண் கரைத்த மாதிரி நிறம் மாறி, தண்ணீர் கரைக்கு வராமல் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நாலு எட்டு தள்ளித்தான் அவன் நின்றான். அவள் எழுந்து ஓடினாள். எய்யா, வந்துரு, எய்யா என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவன் ஒரு தடவை திரும்பிக் கரையைப் பார்த்தான். பார்த்தான், அவள் கண்ணால் கண்டாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அப்புறம் ஒரு அலை. அப்புறம் கிதியோன் மட்டும். பிறகு ஆம்பிளைகள் வந்து தண்ணீரில் இறங்கி ஏனோக்கு, ஏனோக்கு என்று இருட்டும்வரை கூப்பிட்டார்கள். நல்ல கணீரென்ற குரல்கள். அப்போதும் அவள் எய்யா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்குக் கல் இல்லை, பேர் வெட்ட ஒரு இடம் இல்லை.

எட்டாம் நாள் கிதியோன் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். "நான் சொன்னேன் பெரியம்மா, யாரோ கூப்பிடுதாங்கடான்னு. அவன் திரும்பிப் பாத்தான். யாரோ யாரையோ கூப்பிடுதாவ, நீ வாலேன்னுட்டு உள்ள போயிட்டான்." அவனுக்கு அது அவள் குரல் என்று தெரியாது. இன்றைக்குவரை தெரியாது. அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, அழாத எய்யா என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் உள்ளே போய் வாந்தியெடுத்தாள். யாரோ யாரையோ. எத்தனை பாத்திரம் கழுவியிருப்பாள், எத்தனை தடவை தலை வாரியிருப்பாள், எத்தனை ஞாயிறு இதே பாயில் உட்கார்ந்து எழுந்திருப்பாள், எல்லாவற்றுக்கும் நடுவில் யாரோ யாரையோ. கரையில் பதினைந்து தாய்மார் நின்றார்கள், பதினைந்து பேரும் எய்யா என்றார்கள். ஒருத்தி பேரைச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தன்னைத்தான் என்று தெரிந்திருக்கும். அதிலும் அவள் குரலில் அந்தப் பேர். அதைக் கேட்டால் அவன் கடலையே நிறுத்திவிட்டு ஓடிவந்திருப்பான், விரலைக் காட்டிக்கொண்டு, சொல்லிட்டியா, சொல்லிட்டியா என்று.

"பெரியம்மா." கிதியோன் பக்கத்தில் வந்து குனிந்தான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவனுக்கும். "எந்திரிங்க. ஐயர் எறங்குதாரு." அவன் கை கொடுத்தான், அவள் எழுந்தாள், முழங்கால் சடக்கென்றது. ஞானஸ்நானத் தொட்டி வாசல் பக்கம். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, பாய்களுக்கு நடுவே நடப்பது அவளுக்குக் கடற்கரை மணலில் நடப்பதுபோல இருந்தது, கால் வைத்தால் புதைந்தது. கிதியோன் மனைவி ஷைனி பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். மதுரைப் பெண், வேலை பார்க்கிறவள். காலையில் கோயில் வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்க, அந்தக் கோடியில் ஆண்களோடு பேசிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, "கிதியோன், பிள்ளைப் பை எங்க?" என்று சாதாரணமாக ஒரு குரல் கொடுத்தாள். அத்தனை இரைச்சலிலும் அவன் சட்டென்று திரும்பினான். கனகமணி முகத்தைச் சுளித்தாள். நேசபூரணம் அங்கேயே நின்றுவிட்டாள். இவ்வளவுதானா. பேரைச் சொன்னால் மனுஷன் திரும்புவான், இவ்வளவு லேசா இது. பொறாமையாக இருந்தது, வெட்கமில்லாமல் பொறாமையாக இருந்தது.

ஷைனியிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். கனமான பிள்ளை, பால்மணம், நெற்றியில் வேர்வை. அது அவளைப் பார்க்கவில்லை, மேலே எங்கோ ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் கொஞ்சம்தான், விரற்கடை ஆழம். அதைப் பார்க்கவும் அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஐயர் கேட்ட கேள்விகளுக்குக் கூட நின்றவர்கள் பதில் சொன்னார்கள், அவளும் வாயசைத்தாள். ஆசீர் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மகன் மட்டும் இன்னொரு தடவை போய்விடுவான், இந்தத் தடவை பேரும் கூடப் போய்விடும். சீட்டைக் கொடுத்தால் பேர் ரிஜிஸ்தரில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருக்கும், வீட்டில் எல்லாரும் எய்யா என்பார்கள். எந்தக் கரையிலாவது இது போய் நிற்கும். யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். கனகமணி பின்னாலிருந்து மெதுவாக, "அக்கா, சீட்டு, சீட்டு" என்றாள். சீட்டு பிள்ளையின் போர்வைக்குள் எங்கோ விழுந்திருந்தது. மை அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார் ஐயர்.

அவள் வாயைத் திறந்தாள். ஐயர் சீட்டுக்காகக் கையை நீட்டினார். பழகின மனிதர், இந்த ஊர்ப் பெண்களைப் பற்றி அவருக்குத் தெரியும். அந்தக் கை அப்படியே நின்றது.

"ஏனோக்கு!"

கோயிலுக்குள் சொல்கிற குரல் இல்லை அது. அலைக்கு மேலே போய் விழவேண்டிய குரல். மேற்கூரையில் இருந்த புறாக்கள் படபடவென்று எழும்பின. பாடல் குழுவில் யாரோ புத்தகத்தைக் கீழே போட்டார்கள். ஆண்கள் பக்கத்தில் துரைமணி, எதுவுமே காதில் விழாத மனுஷன், பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். கனகமணி வாயைப் பொத்திக்கொண்டாள். கிதியோனின் முகம் வெளுத்துவிட்டது, அந்தக் குரலை அவன் ஒரு தடவை கேட்டிருக்கிறான், எங்கே என்று இப்போதுதான் தெரிந்தது. "பெரியம்மா, நீங்களா அன்னைக்கி கூப்பிட்டது" என்றான். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். ஐயர் நீட்டிய கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, பேரைத் திருப்பிச் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக, பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில்.

பிள்ளை ஜன்னலை விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தது.